அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒன்றரை வினாடி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மற்றவர்கள் முன்னுரையில் அனுபவத்தில் பிறந்தது, ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கௌரவம் இல்லை. என் மனைவி நோங் ருயிலான், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தியெப் என்பவனைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னாள். ஒன்றரை வினாடி நிறுத்தினாள். பிறகு இன்னொரு சொல்லைச் சொன்னாள். அந்த ஒன்றரை வினாடியில் என் வயிறு பற்றிக்கொண்டது. இன்னும் அணையவில்லை.

ஆற்றின் இந்தப் பக்கம் சீனா, ஹெகோவ். அந்தப் பக்கம் வியட்நாம், லாவ் காய். நடுவே ஒரு பாலம். மாதம் ஒருமுறை இரு நாட்டு அதிகாரிகளும் ஒரு நீண்ட மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து பேசுவார்கள். எங்கள் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ருயிலான். அவர்கள் பக்கத்துக்குத் தியெப். மேசையின் கோடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். பதினொரு வருடமாக இதே மூன்று பேர். [தலைவர்கள் மாறுவார்கள். நாங்கள் மாறுவதில்லை.]

இப்போது என் முன்னால் ஒரு படிவம் கிடக்கிறது. அதில் நான் நிரப்ப வேண்டியது ஒரே வரி:

மொழிபெயர்ப்பில் பிழை: உண்டு / இல்லை (பொருந்தாததை அடிக்கவும்)

'இல்லை' என்பதை அடித்தால் பிழை உண்டு என்றாகும். என் மனைவி அந்த மேசையிலிருந்து ஆவண அறைக்குப் போவாள். தியெப்பை இனிப் பார்க்க மாட்டாள். 'உண்டு' என்பதை அடித்தால் அவள் அங்கேயே இருப்பாள், எதிரே அவனும் இருப்பான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். நான் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தொடக்கங்கள்.

முதல் முயற்சி: "சிவந்த ஆறும் பச்சை ஆறும் கூடுமிடத்தில் எழில்மிகு நகரம் ஒன்று—" சுற்றுலாக் கையேடு. கிழித்தாயிற்று.

இரண்டாவது: "சீனாவுக்கு நிலத்தில் பதினான்கு அண்டை நாடுகள். அவற்றோடு அதற்குள்ள உறவை—" இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் ஓடியது. பெரிய நாட்டுக்கு ஒரு வியாதி உண்டு, தான் எல்லாரிடமும் அன்பாக இருப்பதாகவே அது எப்போதும் நினைக்கும் என்று எழுதினேன். பக்கத்துச் சின்ன நாட்டுக்கும் ஒரு வியாதி, அந்த அன்பு எத்தனை எடை என்று ஓயாமல் தூக்கிப் பார்க்கும் என்று எழுதினேன். அவர்கள் தலைவர் பெய்ஜிங்குக்கு வந்துவிட்டுப் போனால், அடுத்து எந்த நாட்டுக்குப் பயணம் போகிறார் என்று எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள். எங்கள் தலைவர் ஹனோய்க்குப் போனால், வழியில் லாவோஸில் எத்தனை நாள் தங்கினார் என்று அவர்கள் ஆட்கள் எண்ணுவார்கள். இதைச் செய்தித்தாளில் வெளியுறவு என்கிறார்கள். என் வீட்டில் இதற்கு வேறு பெயர்.

இரண்டு பக்கம் முடிந்து பார்த்தால் ருயிலான் எங்கேயும் வரவில்லை. பொறாமைக்காரன் நாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்பாதீர்கள்.

மூன்றாவது: "என் மனைவி இன்னொருவனை 'ஆஞ்' என்று கூப்பிடுகிறாள்."

இதுதான். இதிலிருந்தே போவோம்.

3

எங்கள் சீன மொழி வசதியானது. 'நீ' என்றால் நீ. மரியாதை வேண்டுமென்றால் கடைசியில் கொஞ்சம் மூக்கால் இழுத்தால் போதும். வியட்நாமியர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உறவு சொல்லாமல் அவர்களால் வாயைத் திறக்கவே முடியாது. வயதில் மூத்த ஆண் என்றால் 'ஆஞ்', அதாவது அண்ணன். அவனிடம் பேசுகிற இளையவர் தன்னை 'எம்' என்று சொல்லிக்கொள்வார், அதாவது தம்பி அல்லது தங்கை. கடைக்காரர், காவலர், கூடப் படித்தவர் எல்லாருக்கும் இதே வழக்கம். இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் மனைவி கணவனைக் கூப்பிடுவதும் ஆஞ்தான். அவனிடம் தன்னைச் சொல்லிக்கொள்வதும், அவன் அவளைக் கூப்பிடுவதும் எம்தான். காதலர்களும் அப்படியே.

இன்னும் ஒன்று. 'ஆஞ் எம்' என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அண்ணன் தம்பிகள், சகோதரர்கள். மேடையில் நாடுகளைப் பற்றிச் சொல்லும் சொல் அது. நடுவே நிறுத்தி 'ஆஞ், எம்' என்றால் நீங்களும் நானும். கதவைச் சாத்திய அறையில் சொல்லும் சொல்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: தோழர்கள், சகோதரர்கள் என்று எங்கள் இரு நாடுகளும் மாறி மாறிப் பாடிய காலம் உண்டு. எனக்கு ஆறு வயதானபோது அந்தச் சகோதரர்கள் சண்டைபோட்டார்கள், பாலம் போயிற்று. எனக்கு இருபது வயதில் பாலம் திரும்பி வந்தது, சொல்லும் அதோடு வந்தது. யார் அண்ணன், யார் தம்பி என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. விடை எல்லாருக்கும் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. நாங்கள் அப்படி நினைப்பது அவர்களுக்குத் தெரியும்.)

4

தியெப் என்ற பாத்திரத்தில் எனக்குத் திருப்தி இல்லை.

முதல் வரைவில் அவனுக்கு ஒரு தங்கப்பல் வைத்தேன். இரண்டாம் வரைவில் எண்ணெய் வழிய வாரிய தலை. உண்மையில் பல்லெல்லாம் சொந்தப் பல், தலை வழுக்கை, வயது ஐம்பத்து நான்கு. முழங்காலில் வலி, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக வைப்பான். இப்படிப்பட்ட ஆள்மீது பொறாமைப்படுவதில் ஒரு பெருமையும் இல்லை. அழகனாக இருந்திருந்தால் ஊரே என் பக்கம் நின்றிருக்கும்.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு பெட்டி பச்சைப்பயறு இனிப்பு கொடுத்தனுப்புவான். முழுப் பெட்டியையும் நான்தான் தின்று தீர்ப்பேன். ருயிலானுக்கு ஒன்று வைத்தால் அதை வாயில் போடும்போது யாரை நினைப்பாளோ என்று இருக்கும்.

அப்புறம் அந்தக் கடல். எங்கள் வரைபடத்தில் தென்கடல், அவர்கள் வரைபடத்தில் கிழக்குக்கடல், ஒரே தண்ணீர். ஹெகோவிலிருந்து அது எங்கோ இருக்கிறது, ஆனாலும் தலைவர்கள் பேச்சில் எப்படியாவது வந்துவிடும். எங்கள் தலைவர் 'தென்கடல்' என்றால் ருயிலான் வெறுமனே 'கடல்' என்று சொல்வாள். அவர்கள் தலைவர் 'கிழக்குக்கடல்' என்றால் தியெப் வெறுமனே 'கடல்' என்பான். மேசையில் யாருக்கும் கோபம் வராது. மூன்றாவது வருடம்தான் இது எனக்குப் பிடிபட்டது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எப்போ பேசி வச்சீங்க ரெண்டு பேரும்?"

"எதை?"

"கடலை."

"பேசியெல்லாம் வைக்கல. ஒரு தடவை அவர் அப்படிச் சொன்னார். அடுத்த தடவை நான் அப்படிச் சொன்னேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். [நான் அவன் என்கிறேன், அவள் அவர் என்கிறாள். கவனித்தீர்களா?] அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கடலே இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது ஒரு மின்சார ஸ்கூட்டர்.

5

செவ்வாய்க்கிழமைக் கூட்டம். விஷயம் கரை. எங்கள் பக்கத்தில் கருங்கல் கரை கட்டினோம். அதில் மோதித் திரும்பும் தண்ணீர் அவர்கள் பக்கத்தை அரிக்கிறது, காய்கறித் தோட்டங்கள் சரிந்து ஆற்றுக்குள் போகின்றன என்று அவர்கள் புகைப்படங்களோடு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்குப் பேசியவர் கோங். வடக்கே ஷான்டொங்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். பதவி துணைத் தலைவர், ஆனால் 'துணை' என்று வாயில் வந்தால் அவர் முகம் சுருங்கும். ஆகையால் எல்லாருக்கும் அவர் தலைவர்.

இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில் கோங் தேநீர்க் கோப்பையோடு எழுந்தார்.

"கரை வேற, மனசு வேற! நீங்க எங்களுக்கு நல்ல சியொங்தி!"

சியொங்தி என்றால் சகோதரர்கள். அப்படியே குறித்துக்கொண்டேன்.

ருயிலான் எழுந்தாள். வியட்நாம் மொழியில் "நாமெல்லாம்" என்று தொடங்கினாள். "ஆஞ்" என்றாள். நிறுத்தினாள். தியெப்பைப் பார்த்தாள். "எம்" என்றாள்.

அவர்கள் பக்கத்துச் சுங்க அதிகாரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? நாமெல்லாம் கணவன் மனைவி என்பதுபோல அல்லவா கேட்டது! உடனே தியெப் கோப்பையைத் தூக்கி, "ஆஞ் எம்! ஆஞ் எம்!" என்று ஒட்டவைத்துச் சொன்னான். அவர்கள் தலைவரும் சிரித்துக்கொண்டே கோப்பையைத் தூக்கினார். அடுத்த பத்து நிமிடத்தில், இரு கரையையும் இரு நாட்டாரும் சேர்ந்து அளப்பது என்று கையெழுத்தாயிற்று.

அந்த அறையில் முகம் வாடி இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோங்.

6

"லாவ் குவாங், அவங்க ஏன்யா சிரிச்சாங்க?" கூட்டம் முடிந்ததும் கோங் என்னைக் கேட்டார். (குவாங் என் பெயர், 'லாவ்' என் வயதுக்குக் கிடைக்கும் மரியாதை.)

"சந்தோஷத்துல, தலைவரே."

"நான் பேசி முடிச்சப்போ யாருக்கும் சந்தோஷம் வரல. உன் வீட்டுக்காரி பேசினதும்தான் வந்துது. அங்க நான் என்ன கோமாளியா?" படிவத்தை என் பக்கம் தள்ளினார். "பதிவைக் கேட்டு எழுதிக் குடு. புருஷன்கிட்டயே கேக்குறானேன்னு நினைக்காத. நீ எழுத்துல பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நான் கதை எழுதுறவன், தலைவரே."

"அது வேற. இது வேற." கொஞ்சம் இறங்கிவந்தார். "தப்புன்னா தப்புன்னு போடு. தண்டனையெல்லாம் ஒண்ணுமில்ல. ஆவண அறையில ஒரு நாற்காலி காலியா இருக்கு. மத்தியானம் நேரத்துக்கு வீட்டுக்கு வருவா. உனக்கும் நல்லதுதானே?"

நல்லதுதான். அவ்வளவு நல்லது என்பதால்தான் அங்கேயே அடிக்காமல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

7

பதிவை ஆறு தடவை போட்டுக் கேட்டேன். கடிகாரம் வைத்து அளந்தேன். ஒன்றரை வினாடி. ஒப்பிட்டுப் பார்க்க: முந்தின நாள் 'மிளகாய் எண்ணெய் எங்கே' என்று நான் கேட்டதற்கு அவள் அரை வினாடியில் பதில் சொல்லியிருந்தாள்.

வியாழன் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தோம். அரிசி நூடுல்ஸ், புளிக்கவைத்த மூங்கில் குருத்து.

"குவாங் யிமின்." திருமணமான நாளிலிருந்து அவள் என்னை முழுப்பெயரில்தான் கூப்பிடுகிறாள். "மூணு நாளா என் வாயையே பாத்துட்டு இருக்க. என்ன ஒட்டியிருக்கு?"

"ஒண்ணரை வினாடி ஒட்டியிருக்கு."

குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தாள். "அளந்தியா?"

"ஆறு தடவை."

"இருபத்திரெண்டு வருஷத்துல நான் பேசின எதையும் நீ ரெண்டாவது தடவை கேட்டதில்ல. இதுக்கு ஆறா?"

"பேச்சை மாத்தாத. ஆஞ்னு சொல்லிட்டு நீ அவனைப் பாத்தே."

"எதிர்ல உக்காந்திருக்காரு. வேற எதைப் பாக்கறது, மின்விசிறியையா?"

"என்னை எப்பவாவது ஆஞ்னு கூப்பிட்டிருக்கியா?"

"நீ என்னை என்னன்னு கூப்பிட்டிருக்க? 'ஏய்'. 'இங்க பாரு'. 'சாவி எங்க'. என் பேரே 'சாவி எங்க'ன்னு ஆயிடுச்சு."

எழுந்து கிண்ணத்தைக் கழுவினாள். மத்தியானத் தூக்கத்துக்கு உள்ளே போனாள். அங்கிருந்தே குரல் வந்தது.

"ஆறு தடவையும் என்னையே கேட்டிருப்ப. ஒரு தடவை உங்க தலைவரைக் கேளு."

8

ஏழாவது தடவை பதிவில் கோங்கின் குரலை மட்டும் கேட்டேன்.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே இதில்தான் இருக்கிறது. 'சியொங்தி' என்பதில் கடைசி அசையை முழுதாக உச்சரித்தால் அண்ணன் தம்பிகள். கடைசி அசையை விழுங்கிவிட்டால் தம்பி, வெறும் தம்பி. வடக்கத்திக்காரர்கள் விழுங்குவார்கள். கோங் விழுங்கியிருந்தார். 'நீங்க எங்களுக்கு நல்ல தம்பி!' கரை சரிந்து வந்திருக்கிறவர்களிடம், தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு.

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் ஊரில் பிடித்தவனை அப்படித்தான் சொல்வார்கள். என் காதும் பழக்கத்தில் சகோதரர்கள் என்று எழுதிக்கொண்டது. ஆனால் ருயிலான் கேட்டுவிட்டாள். அவர் சொன்னதை அப்படியே சொன்னால் 'நீங்கள் எங்களுக்கு எம்'. மேசை அத்தோடு முடிந்திருக்கும். 'நீங்கள்' என்பதை 'நாமெல்லாம்' என்று மாற்றினாள். முன்னால் ஓர் 'ஆஞ்' வைத்தாள். வைத்தபிறகு பயம் வந்திருக்க வேண்டும்: எதிர்ப்பக்கத்தில் சீனம் தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான், அந்தத் 'தம்பி' அவன் காதில் விழுந்திருக்குமே. அதற்குத்தான் பார்த்தாள். கேட்டீங்களா, விட்டுடலாமா என்று அந்தப் பார்வை கேட்டது. விட்டுடலாம் என்று அவன் முகவாய் கொஞ்சம் அசைந்தது. அது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பிறகு 'எம்' என்றாள். சிரிப்பு வந்தபோது அவனே இரண்டு சொல்லையும் ஒட்டவைத்துக் கொடுத்தான்.

இத்தோடு என் பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். "நான் நிம்மதியாக மூச்சு—" இல்லை, பொய். முன்பு வயிறுதான் எரிந்தது, இப்போது நெஞ்சுவரை வந்துவிட்டது. காதல் என்றால் சண்டைபோடலாம், பாத்திரத்தை எறியலாம், அவள் அம்மா வீட்டுக்குப் போய் நியாயம் கேட்கலாம். அவள் வாயே திறக்காமல் கேட்டது அவனுக்கு ஒரே தடவையில் புரிந்தது. கூடவே வாழ்கிற எனக்கு ஏழு தடவையும் ஒரு கருவியும் தேவைப்பட்டன. இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

9

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

பிழை இல்லை என்று கொடுக்கிறேன். அப்படியானால் ஏன் சிரித்தார்கள் என்று கோங் கேட்பார். 'தம்பி' என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது என்று ஒரு குறிப்பு எழுதுகிறவன் அவருக்குப் பாடம் நடத்த வேண்டிவரும். பிறகு ஆவண அறையில் இரண்டு நாற்காலி போடுவார்கள்.

பிழை உண்டு என்று கொடுக்கிறேன். ருயிலான் இடத்துக்குக் குன்மிங்கிலிருந்து படித்த பெண் ஒருத்தி வருவாள். முதல் கூட்டத்திலேயே 'தென்கடல்' என்பதை ஓர் எழுத்து விடாமல் பெயர்ப்பாள். தியெப் விழிப்பான். அதை நான் மேசைக் கோடியிலிருந்து ரசிக்கலாம். [அடுத்த மாதமும் ரசிப்பேனா?]

மூன்றாவது: தியெப்பை லாவோஸ் எல்லைக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே ஒரு மலை உச்சியில் அலுவலகம், இருநூறு படிகள், கைப்பிடி கிடையா— (இதை மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதினேன். அடித்துவிட்டேன்.)

10

வெள்ளிக்கிழமை. இன்று. மத்தியானத் தூக்கத்திலிருந்து நான் எழுந்து பார்த்தால் ருயிலான் மேசையில் உட்கார்ந்து இந்தத் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பேனா.

"மூணாவது பகுதியில ஆஞ்சுக்கும் எம்முக்கும் நடுவுல கமா போட்டிருக்க," என்றாள். "அடிச்சுட்டேன்."

[நான் திரும்பவும் போட்டுவிட்டேன்.]

"படிவத்துல 'இல்லை'யை அடி. பிழை உண்டுன்னு குடு."

"பிழை நீ செய்யலையே!"

"தலைவருங்க தப்பாப் பேச மாட்டாங்க, குவாங் யிமின். மொழிபெயர்ப்புலதான் தப்பு வரும். அதுக்குத்தானே எங்களுக்கு மேசையில இடம் குடுத்திருக்காங்க. தியெப்பும் ரெண்டு தடவை அவங்க ஆளோட தப்பைத் தன் தலையில போட்டுக்கிட்டவருதான்."

"அப்ப நீ அந்த அறையில..."

"தூசிக்குத் தும்மல் வரும். பழகிடும். கரையை அளக்கறாங்க இல்ல, அது போதும். ஒண்ணு மட்டும் செய். அடுத்த மாசம் தியெப்கிட்ட நீயே சொல்லு. புதுசா வர்ற பொண்ணுக்குக் கடல் விஷயம் தெரியாது, பாத்துக்கங்கன்னு."

சொல்லும்போது சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டுப் போட்டுக் கழற்றினாள். பதினொரு வருடத்தை அவள் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரிந்தது அதில் மட்டும்தான்.

மூன்று நாளாக நான் ஆசைப்பட்டதை அவளே எடுத்து என் கையில் வைக்கிறாள். வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தியெப்பிடம் நான் போய்ப் பேச வேண்டும். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவனை நான் ஆஞ் என்று கூப்பிட வேண்டும். என்னை எம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். போயும் போயும் அவனுக்கு நான் தம்பி.

மணி இரண்டே முக்கால். படிவம் என் சட்டைப் பையில் இருக்கிறது. உண்டு, இல்லை இரண்டும் அப்படியே இருக்கின்றன. வாசகரே, உங்களிடம் கொடுக்கிறேன், ஒன்றை அடியுங்கள். எதை அடித்தாலும் கையெழுத்து என்னுடையது. அடிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், என் பொறாமை இன்னும் போகவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு அவசரம். ருயிலான் தலைக்கவசத்தோடு வாசலில் நிற்கிறாள். "நேரமாச்சு, வர்றியா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். 'சாவி எங்க' என்று சொல்லத்தான் வாய் போயிற்று. அதை நிறுத்தி, வேறொரு சொல்லுக்காக வாயைத் திறந்துவிட்டேன். சின்னச் சொல். ஒரே அசை. அவளும் காத்திருக்கிறாள். தியெப்பாக இருந்தால் இந்நேரம் எடுத்துக் கொடுத்திருப்பான். எனக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். சீக்கிரம், ஒன்றரை வினாடிதான்.